ஐந்து நாள் குறைவு

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
ரயில் போகும்போதெல்லாம் எங்கள் ஸ்டூடியோ இருமும்.
அந்த நேரம் படம் எடுக்க முடியாது.
முக்காலி நடுங்கும், முகம் இரண்டாகும்.
இரண்டு முகக்காரருக்குக் கடவுச்சீட்டு இல்லை.

முகத்துக்கான விதிகளை
ரிஸ்மி நானா சுவரில் ஒட்டியிருக்கிறார்:
வாய் மூடியிருக்க வேண்டும். பல் தெரியக்கூடாது.
மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் விழக்கூடாது.
நெற்றியில் முடி, கழுத்தில் நிழல், கூடாது.
அதன் கீழே பென்சிலால்
‘மூச்சு விடலாமா?’ என்று
எந்தப் பிள்ளையோ எழுதிவிட்டுப் போயிருக்கிறது.
நான் அழிக்கவில்லை.

நாளுக்கு நாற்பது பேரிடம்
‘சிரிக்காதீங்கோ’ என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
டோஹாவுக்குப் போகிற பையன்கள் உடனே அடங்குவார்கள்.
கலியாணத்துக்குப் பறக்கிற பெண்கள்தான் கஷ்டம்,
உதட்டைப் பூட்டினாலும் கன்னம் காட்டிக்கொடுத்துவிடும்.

டிசம்பர் பத்தொன்பது. ஷட்டர் பாதிதான் உயர்ந்திருந்தது.
அதன் அடியால் முதலில் உள்ளே வந்தது ஒரு சூட்கேஸ்.
ஆர் எவரும் மாறி எடுத்துவிடாமல்
கைப்பிடியில் சிவப்பு நாடா, மூன்று முடிச்சு.
பின்னால் குனிந்தபடி பத்மசீலன்.
கட்டுநாயக்காவிலிருந்து நேரே.

கவுண்டரில் இருந்த பிள்ளை விரல்விட்டு எண்ணினாளாம்,
ஜனவரி, பெப்ரவரி, மார்ச்...
ஜூன் பதினான்கோடு புத்தகம் முடிகிறது.
ஆறு மாதம் இருந்தால்தான் மலேசியா உள்ளே விடும்.
“ஐந்து நாள் குறையுது, அங்கிள்.”

திரும்பி வருகிற டிக்கெட் இருந்தது,
தங்குமிட விலாசம், வங்கிக் கடிதம்,
எல்லாம் பிளாஸ்டிக் உறையில், தேதி வரிசையில்.
“அந்த ஐஞ்சு நாளில
நான் என்ன, நாட்டையோ பிடிக்கப்போறன்?”

வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.
“பிளக்கெல்லாம் கழட்டி, பேப்பரையும் நிப்பாட்டி,
கீழ்வீட்டில திறப்பையும் குடுத்திட்டன்.
இப்ப போனா கதை சொல்லவேணும்.”

சட்டைப் பொத்தான் நான்கைக் கழற்றினார்.
பெனியனில் ஜிப் வைத்த பை, தையற்காரரிடம் சொல்லித் தைத்தது.
கள்ளன் கை படாமல் காத்த புத்தகம்
உள்ளே இருந்தபடியே காலாவதியாகிக்கொண்டிருந்திருக்கிறது.
வியர்வையில் அட்டை வளைந்திருந்தது.
புரட்டினேன். பத்து வருஷம், ஒரு முத்திரை இல்லை.

எடுத்த கிழமையே போயிருக்கவேண்டும் என்றார்.
கிள்ளானில் தம்பி.
பிலாமரம் எவர் பக்கம் என்று தொடங்கியது,
மரம் போய்விட்டது, கதை இல்லை, பதினொரு வருஷம்.
இப்போது தம்பிக்குக் கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ்.
மருமகள்தான் டிக்கெட் அனுப்பினாள்.

படத்துக்குக் கீழே, மெஷின் வாசிக்கிற வரியில்,
பெயர் முடிந்ததும் வரிசையாக அம்புக்குறிகள்.
விரல் வைத்துக் காட்டினார்:
“பாருங்கோ பிள்ளை, ஒண்டாவது முன்னுக்குப் பாக்குதோ?
எல்லாம் திரும்பி என்ர பெயரையே பாக்குது.”

வெளிர்நீலத் திரைக்கு முன் இருத்தினேன்.
முதல் படம்: கண் ஈரம், வெளிச்சம் தெறித்தது.
இரண்டாவது: ரயில்.
மூன்றாவதுக்குத் தோளை நேராக்கும்போது
போன் அடித்தது. பார்த்தார். எடுக்கவில்லை.
அடித்து ஓய்ந்தது. அந்த இடைவெளியில் அழுத்தினேன்.
வாய் மூடி, காது இரண்டும் தெரிய,
விதிக்கு ஒரு மயிர் பிசகாத முகம்.

மறுபடி அடித்தது.
இம்முறை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திணைக்களத்துக்குப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தேன்,
எழுபது வீதம், எழுபத்திரண்டு.
மருதானைப் பக்கமிருந்து அடுத்த ரயில் வந்தது.
கடை இருமியது. சூட்கேஸ் தன் சில்லில்
ஒரு சாண் நகர்ந்து நின்றது.
தண்டவாளத்து ஓரம், ஒரு காதைப் பொத்தியபடி,
பல்லெல்லாம் தெரிய, கழுத்து நரம்பு புடைக்க
அந்த மனிதர் கத்திக்கொண்டிருந்தார்:
“ஐஞ்சு நாளடா! கேக்குதே? ஐஞ்சே ஐஞ்சு நாள்!”